அவர் சொன்னதாக நான் சொன்னது

குன்னூர் பஸ் நிலையத்தில்
மேட்டுப்பாளையம் வண்டியிலிருந்து இறங்கிய
எஸ்தர் தங்கையா
முதல் வேலையாக வாந்தி எடுத்தார்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்.
பர்லியாறில் நின்றபோது தின்ற பலாச்சுளை வேறு.
வரவேற்க அனுப்பப்பட்டவன் நான்.
ஒரு கையில் குடை,
மறு கையில் கல்லூரி கொடுத்தனுப்பிய மாலை.
அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவருடைய கழுதை
மூன்று வருடமாக என்னோடு இருந்தது.
வார இதழின் நடுப்பக்கத்திலிருந்து பிளேடால் அறுத்து
விடுதிக் கட்டிலுக்கு மேல்
சோற்றுப் பருக்கையால் ஒட்டியது.
மழையில் நிற்கும் கழுதை.
மழை என்று ஒரு கோடுகூடப் போட்டிருக்க மாட்டார்.
கழுதையின் காது மட்டும் நனைந்திருக்கும்.
சேரம்பாடி லயத்தில்
தகரக் கூரைச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவன்,
எனக்கே அந்தக் காதை நம்ப ஒரு வாரம் ஆயிற்று.
நம்பிய பிறகு
வேறெதுவும் வரைய வரவில்லை.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ"
என்றார் குனிந்தபடியே.
நான் திரும்பவில்லை.
அமிலம் தின்று பாதியாகிப்போன பெருவிரல் நகம்
பஸ் நிலையத் தூணைப் பற்றியிருந்தது.
அந்த நகத்தை
இன்றைக்கும் கண்ணை மூடி வரைவேன்.

நிமிர்ந்து, முந்தானையால் வாயைத் துடைத்து,
"ஒரு எலுமிச்சம்பழம் கிடைக்குமா, தம்பி?"

மார்க்கெட் படிகளில் வழுக்கிக்கொண்டு ஓடினேன்.
ஒன்றாகத் தரமாட்டானாம், கூறு ஆறு.
ஆறும் மாலையும் குடையும் நானுமாகத்
திரும்பி வந்தபோது
என்னைப் பார்த்துச் சிரித்தாரா,
வெயில் பட்டுக் கண் சுருங்கியதா,
சொல்ல முடியாது.

பெட்போர்டு பங்களாவின் பெரிய கூடத்தில்
மூன்றாவது ஸ்லைடில் மின்சாரம் போயிற்று.
இருட்டில் முக்கால் மணி நேரம்
முதல்வர் அவரைப் பற்றி அவரிடமே பேசினார்.
பிறகு எங்கள் படங்களைப் பார்க்க வந்தார்.
என் மேசையில் பதினொரு கழுதைகள்.
நின்றார்.
கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார்.
"கடைசி பஸ் எத்தனை மணிக்கு?"

சாயங்காலம் நூல்கோல் வாங்கினார்.
கிலோவுக்கு எட்டணா குறைக்கச் சொல்லி
கடைக்காரரோடு சண்டை.
"எங்க ஊரில் இது கண்ணில்கூடப் படாது."
காலியாக வந்த பை கனமாகிப் போயிற்று.
தூக்கி வந்தது நான்.
ஜன்னலோர இடம், மூக்கருகே எலுமிச்சம்பழம்,
வண்டி திரும்பும்வரை அவர் வெளியே பார்க்கவேயில்லை.

அவ்வளவுதான் நடந்தது.

பிறகு என் முதல் கண்காட்சியில்
ஒரு நிருபர் கேட்டார்:
எஸ்தர் தங்கையாவைச் சந்தித்தீர்களாமே,
என்ன சொன்னார்?
ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.
என் வாய் தானாகச் சொன்னது:
"மழையைக் காது பார்த்துக்கொள்ளும்."

நல்ல வாக்கியம். ஒப்புக்கொள்கிறேன்.
இரண்டு பேட்டிகளில் மெருகேறியது.
மலையாளத்தில் போனது.
ஒரு பையன் அதைக் கையில் பச்சை குத்திக்கொண்டு வந்து
என்னிடமே காட்டினான்.
அவர் மறுக்கவில்லை.
படித்தாரா என்றும் தெரியவில்லை.

போன மார்கழியில் நினைவுக் கண்காட்சி.
நுழைந்ததும் சுவர் நிறைய அவர் முகம்,
கீழே அந்த வாக்கியம்.
அவர் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"அம்மா வீட்டில் வேலையைப் பற்றி வாயே திறக்க மாட்டாங்க.
உங்ககிட்டயாவது சொன்னாங்களே."

தொண்டைவரை வந்தது.
வந்தது வேறாக வெளியே விழுந்தது:
"நூல்கோல் வாங்கினாங்க."

கையை விட்டார்.
நெற்றியைச் சுருக்கி எங்கோ தேடினார்.
"ஒரு பை நிறைய?
பத்து நாள் சாம்பார்!
நாங்க யாரும் தொடல,
அம்மா ஒருத்தியே தின்னு தீர்த்தாங்க.
அதைத் தூக்கிட்டு வந்தது நீங்கதானா?"

நான்தான் என்றேன்.
அது மட்டும் உண்மை.

அவர் தோளுக்குப் பின்னால்
ஓர் அடி உயர எழுத்துகளில் என் பொய்.
மழைக்கும் காதுக்கும் நடுவே
க் ஒன்று விட்டுப்போயிருந்தது.